எடின்பரோவில் நாம் கேளாத இசை

நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தச் சுற்றறிக்கை மறுபடியும் ஒட்டப்பட்டிருக்கிறது: “எடின்பரோ கலைவிழாவுக்குக் குழுப் பயணம். சைவ உணவு உறுதி.” 2023 ஆகஸ்டில் இவ்வாறு சென்ற குழுவில் நானும் ஒருவன். குற்றத்தில் பங்கு கொண்டவன் என்னும் தகுதியிலேயே இம்மலரில் ஒரு வழக்கைத் தொடுக்கிறேன். கலைவிழாவின் பெயரைச் சொல்லிப் புறப்படும் நாம் கலையைக் காணாமலே திரும்புகிறோம். அதற்கு வயதோ, பணமோ, மொழியோ காரணம் அன்று. திட்டம் தீட்டும்போதே கலைக்கு நாம் இடம் ஒதுக்குவதில்லை; அதுவே காரணம்.

கணக்கைப் பாருங்கள். அந்நகரில் நாங்கள் தங்கியது ஐந்து நாள். முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் கோட்டை. இரவில் அதன் முற்றத்தில் இராணுவ வாத்திய அணிவகுப்பு. மூன்றாம் நாள் முழுவதும் நெஸ் ஏரிக்குப் பேருந்துப் பயணம். இல்லாத பிராணி ஒன்றைக் காண்பதற்காக மணிக்கணக்கில் கண்ணாடி வழியே நீரைப் பார்த்திருந்தோம். நான்காம் நாள் கடைவீதி. ஐந்தாம் நாள் பெட்டி கட்டுதல். அணிவகுப்பை நான் குறைகூற மாட்டேன். அத்தனை குழல்களும் முரசுகளும் ஒருசேர முழங்கியபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆயினும் 1950 முதல் நடந்து வரும் அது தனியொரு அமைப்பு நடத்தும் காட்சி. நாங்கள் போனதாகச் சொல்லிக்கொண்ட விழாவோ, 1914இல் திறக்கப்பட்ட அஷர் மண்டபத்திலும், தேவாலயங்களிலும், மதுக்கடை மாடிகளிலும் நடந்துகொண்டிருந்தது. எங்கள் நாற்பது பேரில் ஒருவர்கூட அங்கே ஒரு மாலைக்கேனும் சீட்டு வாங்கவில்லை. தேன்குழல் தீர்ந்து போனதைப் பற்றி மட்டும் இரண்டு நாள் பேசினோம்.

அவ்விழா தோன்றிய கதையை அறிந்தவர் இப்படி நடந்துகொள்ளக் கூசுவர். அது 1947ஆம் ஆண்டு. உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரிட்டனில் ரொட்டிக்கும் பங்கீடு, நிலக்கரிக்கும் பங்கீடு. நாஜிகளின் ஆட்சி கண்டு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த வியன்னாக்காரர் ருடால்ஃப் பிங் அவ்விழாவின் முதல் இயக்குநர். அதே நாஜிகளால் வியன்னாவை விட்டு ஓட நேர்ந்த இசையமைப்பு நடத்துநர் புரூனோ வால்டர், தாம் பிரிந்த அந்நகர இசைக்குழுவோடு எடின்பரோ மேடையில்தான் மீண்டும் இணைந்தார். கோட்டைக்கு விளக்கேற்ற எரிபொருள் இல்லை என்று அரசு தடுத்தபோது, நகர மக்கள் தம் வீட்டுப் பங்கீட்டு நிலக்கரியை விட்டுக்கொடுக்க முன்வந்தனர்; தடை நீங்கிற்று. அடுப்புக் கரியைக் கலைக்கு ஈந்தவர்களின் ஊரில் நாம் கம்பளிக் கடை தேடினோம்.

அதே ஆண்டில் எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பின்றி வந்திறங்கின. கிடைத்த இடங்களில் ஆடின. இன்று ‘ஃபிரிஞ்ச்’ என்று வழங்கும் பெருவிழாவுக்கு அதுவே விதை. இன்னாரை ஏற்போம், இன்னாரைத் தள்ளுவோம் என்று தேர்ந்தெடுக்கும் குழு இன்றும் அங்கே இல்லை; ஓர் அரங்கைப் பிடித்துக்கொள்ளும் எவரும் ஆடலாம். (நம் ஆண்டு விழாவில் இளைஞர் நாடகத்துக்கு இருபது நிமிடமும் பொன்னாடைகளுக்கு ஒன்றரை மணியும் ஒதுக்கும் பெரியோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.) ஹை ஸ்ட்ரீட்டில் ஓர் இளம்பெண் எங்களிடம் துண்டுச் சீட்டு நீட்டினாள். என் பேத்தி அதை வாங்கிப் படித்துவிட்டு, “தாத்தா, நாலு மணிக்கு நாடகமாம். பத்து நிமிஷ நடைதான். டிக்கெட் கிடையாது, கடைசியில இஷ்டப்பட்டதைப் போட்டா போதுமாம்” என்றாள். நாலு மணிக்கு எங்கள் பேருந்து கடைவீதிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. புறப்பட்டது. நானும் ஏறினேன், அவளையும் ஏற்றினேன்.

“மேல்நாட்டு இசை நமக்குப் புரியாதே” என்பார்கள். நண்பர்களே, 1963ஆம் ஆண்டு அதே எடின்பரோ விழாவில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார், பாலசரஸ்வதி ஆடினார். கேட்டவர்களிலும் கண்டவர்களிலும் எத்தனை பேருக்கு இராகமும் அபிநயமும் தெரிந்திருக்கும்? புரியாததைப் பொறுமையோடு கேட்கும் பண்பினால் அல்லவா அவர்கள் அங்கே அமர்ந்தார்கள்? அவ்வம்மையார் 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் பாடியதை நாம் ஓயாமல் பேசுகிறோம். அவர் பாடிய விழாவின் ஊரில் ஐந்து நாள் சுற்றியும், எங்கள் பேருந்தில் அதை ஒருவர் நினைவுகூரவில்லை. ஊர் திரும்பிப் பழைய மலர்களைப் புரட்டியபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

“வயதானவர்கள் அத்தனை நேரம் உட்கார முடியுமா?” என்பது மற்றொரு வாதம். மார்கழியில் தில்லியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஒரே நாளில் மூன்று சபாக்களில் உட்கார்ந்துவிட்டு, இடையில் காண்டீனிலும் வரிசையில் நிற்பவர்கள் இவர்களே அல்லரோ?

வாழ்நாளில் ஒருமுறை, சேமித்த பணத்தில் போகிறவர் ஏரியையும் மலையையும் பார்க்கக் கூடாதா என்று கேட்போருக்கு என் மறுமொழி சுருக்கமானது. தாராளமாகப் பார்க்கட்டும்; அதற்கு ஏரிப் பயணம் என்று பெயரிட்டுக்கொள்ளட்டும். கலையின் பெயரைக் கடன் வாங்க வேண்டாம்.

நான் கேட்பது பெரிதன்று. விழாவின் நிகழ்ச்சி நிரல் வெளியானதும் முதலில் அரங்கச் சீட்டுகளை வாங்குவோம்; பேருந்தைப் பிறகு அமர்த்துவோம். நாற்பது பேரும் ஒரே வண்டியில் ஏறியாக வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டு, விருப்பம் ஒத்தவர் ஐவர், அறுவராகப் பிரிந்து செல்வோம். ஒரு பிற்பகலேனும் இளையவர்கள் வழிகாட்டட்டும். பயணப் படிவத்தில் உணவு, அறை, சன்னலோர இருக்கை, சக்கர நாற்காலி என்று பல கட்டங்கள் இருக்கின்றன. எதைக் கேட்க விரும்புகிறீர்கள், எதைக் காண விரும்புகிறீர்கள் என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. அதைச் சேர்க்குமாறு செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சேர்த்தால் இரண்டு பெயர்களை எழுதிக்கொள்ளலாம்: என்னுடையதும், சம்மதித்தால் என் பேத்தியுடையதும்.