பந்தலுக்கு இரண்டு வாசல் வேண்டும்

ஊரை விட்டு வந்த நாம் ஒன்றுகூடுவது பந்தலின் கீழ்தான். பொங்கல் விழாவோ, பங்குனி உத்திரமோ, பிள்ளைகளின் திருமணமோ, ஃபீனிக்ஸ் பேயில் முதலில் வந்து இறங்குபவர் பந்தல்காரர். அவரிடம் வாடகை எவ்வளவு, நாற்காலி எத்தனை என்று கேட்கிறோம். தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று கேட்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு விழாவில் நான் கேட்டேன். மூன்று பக்கமும் துணியால் அடைத்திருந்தார்கள். இருந்த ஒரு வழியிலும் பாதியைச் செருப்புக் குவியல் அடைத்திருந்தது. "நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசாதீங்க சார்" என்றார் நண்பர் ஒருவர். நானும் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். அது தவறு.

1995 டிசம்பர் 23 அன்று ஹரியானா மாநிலம் டப்வாலியில் நடந்ததும் நல்ல காரியம்தான். பள்ளி ஆண்டு விழா. செயற்கைத் துணிப் பந்தல் எரிந்து, உருகி, தலைகளின் மேல் சொட்டியது. வெளியேற ஒரே வாசல். 400 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு விழாவில் யாகசாலைப் பந்தல் எரிந்து 40 பேருக்கு மேல் இறந்தனர். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபக் கீற்றுப் பந்தல் எரிந்தபோது மணமகனும் பலியானார்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. தற்காலிகப் பந்தல்களுக்கென்றே ஐ.எஸ். 8758 என்ற இந்தியத் தர விதி உள்ளது. கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. செயற்கைத் துணியும் கயிறும் கூடாது. மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடக் கூடாது. படிகாரம், போராக்ஸ் முதலிய உப்புகள் கரைத்த நீரில் துணியை நனைத்து உலர்த்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. அப்படிச் செய்த துணியில் தீ விரைந்து பரவாது. மாசி, பங்குனியில் இங்கு மழையில்லை. கீற்றெல்லாம் காய்ந்து கிடக்கும். நமக்கு இந்த விதிகள் மிகவும் வேண்டியவை.

ரயில்வேயில் தண்டவாள வேலை நடக்கும்போது சிவப்புக் கொடியுடன் ஒருவரை நிறுத்துவோம். அவர் மண்வெட்டியைத் தொடமாட்டார்; பாதையைக் கவனிப்பதே அவர் வேலை. பல நாட்கள் வண்டி வராது. அதற்காக அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

நம் விழாக் குழுக்களும் அப்படி ஒருவரை நியமிக்கட்டும். எதிரெதிரே இரண்டு அகன்ற வாசல், தண்ணீர், மணல் வாளிகள், தீயணைப்புக் கருவி, பந்தலை விட்டு விலகிய சமையல் அடுப்பு, ஒட்டுப்போடாத மின்கம்பி ஆகியவற்றைப் பார்த்து அவர் சரி என்று சொன்ன பிறகே விளக்கேற்றுவோம். முதல் முறை அந்தப் பொறுப்பை ஏற்க நான் தயார்.