ஆஸ்பத்திரிக்குப் பாக்கி வைக்கலாமா?

முதியோர் வைத்தியம் ஒரு நாளும் நிற்கக் கூடாது!

முதுமை வந்தால் நோயும் கூடவே வருகிறது. வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது. இருதயம் தளர்கிறது. சிறுநீரகம் கெட்டால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பழனி அடிவாரத்தில் பூக்கட்டி விற்பவர்களும், சுற்றுப்புறக் கிராமங்களில் கூலி வேலை செய்பவர்களும் இந்தச் செலவுக்கு எங்கே போவார்கள்?

அவர்களுக்காகத்தான் முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கிய திட்டம், 2012-ல் புது உருவம் பெற்றது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் சேர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வைத்தியம்!

ஆனால் அட்டை மட்டும் நோயைத் தீர்க்காது. ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் பணம் போய்ச் சேர்ந்தால்தான் அட்டைக்கு மதிப்பு.

பணம் எப்படிப் போகிறது?

குடும்பத்துக்கு இவ்வளவு என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு சர்க்கார் பணம் கட்டுகிறது. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், இந்தத் தொகை ஆண்டுக்கு ரூ.849. ஆஸ்பத்திரி முதலில் வைத்தியம் செய்கிறது. பிறகு கணக்கு அனுப்புகிறது. கம்பெனி பணம் தருகிறது.

தனியார் ஆஸ்பத்திரிக்கு மட்டும் அல்ல, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் இந்தப் பணம் உண்டு. அங்கே கருவி வாங்கவும், ஊழியருக்கு ஊக்கத்தொகை தரவும் அது உதவுகிறது.

பணம் தாமதமானால் என்ன ஆகும்? 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் நடந்ததைப் பாருங்கள். பாக்கி வரவில்லை என்று நூற்றுக்கணக்கான தனியார் ஆஸ்பத்திரிகள் ஆயுஷ்மான் வைத்தியத்தை நிறுத்தின. தவித்தவர்கள் ஏழை நோயாளிகள்தான்.

பணக்கார அமெரிக்காவிலும் இதே கதை. 65 வயதைக் கடந்தவர்களுக்காக 1965-ல் அங்கே ஒரு காப்பீட்டுச் சட்டம் வந்தது. 2025-ல் அந்தத் திட்டத்தில் டாக்டர்களுக்குத் தரும் கட்டணம் ஏறக்குறைய 3 சதவீதம் வெட்டப்பட்டது. "இப்படிக் குறைத்தால் முதியவர்களை எப்படிப் பார்ப்பது?" என்று டாக்டர்கள் சங்கங்கள் குரல் எழுப்பின.

மோசடி இல்லையா?

உண்டு. ஒரே போன் நம்பரில் ஏறக்குறைய 7½ லட்சம் பேர் பதிவாகியிருந்ததை, மத்திய தணிக்கை அதிகாரியின் 2023-ம் ஆண்டு அறிக்கை அம்பலப்படுத்தியது. இறந்துவிட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்ததாகவும் கணக்கு இருந்தது!

பொய்க் கணக்கு எழுதுபவரைத் தண்டிக்க வேண்டியதுதான். அதற்காக நேர்மையான கணக்கையும் கட்டி வைப்பது என்ன நியாயம்? ஒரு வயலில் களை முளைத்தால், ஊர் முழுவதற்கும் தண்ணீரை அடைப்பார்களா?

ஆயுஷ்மான் விதிப்படி, மாநிலத்துக்குள் உள்ள ஆஸ்பத்திரிக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். இந்தக் கெடுவைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். தாமதித்தால் வட்டி கொடுக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பாக்கி என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். விலைவாசி ஏறும்போது வைத்தியக் கட்டணத்தையும் திருத்த வேண்டும்.

பழனியில் வைத்தியம் கிடைக்காவிட்டால், சுமார் 60 கிலோ மீட்டர் தள்ளி உள்ள திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும். இளைஞர் பஸ் ஏறிவிடுவார். நடக்க முடியாத முதியவர் என்ன செய்வார்? வீட்டிலேயே முடங்கிவிடுவார்.

ஆஸ்பத்திரிக்கு வைக்கும் பாக்கி, கடைசியில் முதியவர் தலையில்தான் விழுகிறது. அந்தப் பாக்கியை உடனே தீர்ப்பது சர்க்காரின் கடமை!