காப்பியும் காப்பியும்

என் நண்பர் ஒருவர் முப்பத்து நான்கு வருஷம் உழைத்த காரியாலயத்திலிருந்து சென்ற மாதம் ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், மேலதிகாரி அரைமணி நேரம் புகழ்ந்து பேசினார். நாலாம் நாள் காலை நண்பரின் டெலிபோன் மணி அடித்தது. "ஸார், பழைய பாக்கிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவீர்கள்? எங்களுக்கு ஏறமாட்டேன் என்கிறதே!" என்று ஒரு பரிதாபக் குரல். அன்று முதல் தினந்தோறும் இதே கதைதான். ஆளை அனுப்பிவிட்டாலும், அவருடைய மூளை மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள் போலும்!

இந்த வியாதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று நேயர்கள் வருந்த வேண்டாம். நகல் எடுப்பதற்கே தன் பெயரை நம்மிடையே வழங்கச் செய்துவிட்ட அமெரிக்க ஜெராக்ஸ் கம்பெனியின் கதையைக் கேளுங்கள்.

நகல் யந்திரம் பழுதானால் அதைச் சீர்ப்படுத்தப் போகும் ஊழியர்களுக்குக் கம்பெனி தடித்த புத்தகங்களைக் கொடுத்திருந்தது. இன்ன பிழை எண் தோன்றினால் இன்னது செய்க என்று அவற்றில் கண்டிருக்கும். மானிடவியல் அறிஞர்கள் என்றால் தீவாந்தரங்களுக்குப் போவார்கள் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? ஜூலியன் ஓர் என்ற அறிஞரோ 1980-களில் இந்த ஊழியர்களுடனேயே சுற்றினார். தாம் கண்டதை 1996-இல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? ஒரு சமயம் யந்திரம் காட்டிய பிழை எண் ஒன்று. உண்மைக் கோளாறு வேறு. நோயாளியே தன் நோயைத் தவறாகச் சொன்னால் வைத்தியர் என்ன செய்வார்? புத்தகம் கைவிட்டது. ஊழியரும் அவருக்கு உதவ வந்த நிபுணரும், தாங்கள் முன்பு பார்த்த கோளாறுகளின் கதைகளை மணிக்கணக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் கள்ளனைப் பிடித்தார்கள். காலைக் காப்பி வேளையிலும் பகல் உணவு வேளையிலும் இந்த ஊழியர்கள் கூடிப் பேசியதெல்லாம் இத்தகைய கதைகளே. கணக்குப் பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு அது வெட்டிப் பேச்சு. உண்மையில் கம்பெனியின் கல்விச்சாலையே அதுதான்!

ஆனால் காப்பி மேஜையைச் சுற்றி எத்தனை பேர் உட்கார முடியும்? 1990-களில் பிரான்ஸ் தேசத்தில் 'யூரேகா' என்ற ஏற்பாடு தொடங்கிற்று. ஓர் ஊழியர் தாம் கண்டுபிடித்த உபாயத்தைக் கம்ப்யூட்டர் வழியாக எழுதி அனுப்புவார். அதே தொழிலில் கைதேர்ந்த சகாக்கள் அதைச் சோதிப்பார்கள். சரியென்று தேறினால் எழுதியவர் பெயருடன் எல்லா ஊழியர்களுக்கும் அது கிடைக்கும். பின்னர் இந்த ஏற்பாடு மற்ற தேசங்களுக்கும் பரவிற்று. பிரேஸிலில் ஓர் ஊழியர், சுமார் 40,000 டாலர் பெறுமான யந்திரத்தையே மாற்றிக் கொடுக்க இருந்த தருணத்தில், கனடாவிலுள்ள மாண்ட்ரியல் ஊழியர் எழுதி வைத்திருந்த குறிப்பைக் கண்டார். மாற்ற வேண்டியிருந்தது யந்திரத்தை அல்ல. அரை டாலர் பெறுமான ஃப்யூஸ் ஹோல்டரை!

எழுதுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்ற யோசனையும் எழுந்தது. ஊழியர்கள் அதை விரும்பவில்லை. காசுக்கு எழுதினால் குறிப்புகளின் எண்ணிக்கை பெருகுமே தவிரத் தரம் பெருகாது என்பது அவர்கள் கட்சி. குறிப்பின் கீழே பெயர் இருந்தால் போதும் என்றார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நம் காரியாலயங்களில் கருவிகளுக்குக் குறைவில்லை. கைக்குக் கை டெலிபோன். அதில் வாட்ஸ்அப் குழு. அதைத் திறந்தால் காலை வணக்கமும் ரோஜாப் பூவும் வந்து குவிகின்றன. உபயோகமான பதில் ஒன்று தப்பித் தவறி வந்தாலும், மறுநாள் அது ரோஜாப் பூக்களுக்கு அடியில் சமாதியாகி விடுகிறது.

"உமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்திருக்கக் கூடாதா?" என்று நண்பரைக் கேட்டேன்.

அவர் எழுந்து போய், விளிம்பு கிழிந்த நீல நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பக்கம் பக்கமாக முத்துப் போன்ற எழுத்து.

"எழுதாமல் என்ன? இதில் நாலு பக்கத்தை ஒரு சமயம் மேலே அனுப்பினேன் ஐயா. மறு வாரம் அது சுற்றறிக்கையாக வந்தது. கீழே அதிகாரியின் கையெழுத்து!" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் நோட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்."

டெலிபோன் மணி அடித்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, நோட்டுப் புத்தகத்துடன் அவர் எழுந்து போனார்.