ஆர்வத்தை மனப்பாடம் செய்ய முடியாது!



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் கெடா மாநிலத்துத் தமிழர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு பரபரப்புத் தொற்றிக்கொள்கிறது. மெட்ரிகுலேசனா, ஆறாம் படிவமா, ஆசிரியர் கல்விக் கழகமா என்ற விவாதம் பாடாங் செராய்த் தோட்ட வீடுகளிலும் நடக்கிறது; சுங்கைப் பட்டாணித் தாமான்களிலும் நடக்கிறது. கல்விக் கழகத்தின் தமிழ்ப் பிரிவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"சார், நேர்முகத் தேர்வில் என்ன பதில் சொன்னால் எடுப்பார்கள்?"

நான் பிள்ளையின் பக்கம் திரும்பி, "ஏன் ஆசிரியராக விரும்புகிறாய்?" என்பேன். "சிறு வயது முதல் ஆசிரியர் பணியே என் இலட்சியம். குழந்தைகள் என்றால் எனக்கு உயிர். தமிழுக்குத் தொண்டாற்ற விரும்புகிறேன்" என்று அட்சரம் பிசகாமல் விடை வரும். மறுநாள் வேறொரு பிள்ளை வரும். அதே மூன்று வாக்கியங்கள், அதே வரிசையில்! புலனக் குழுக்களில் உலா வரும் 'மாதிரி விடை'யின் மகிமை அது. "நன்று. கடைசியாக நீ வாசித்த தமிழ் நூல் எது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் என் முகத்தைப் பார்ப்பார்.

இந்த மனப்பாட ஆர்வத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். இது தேர்வுக் குழுவை மட்டும் ஏமாற்றும் செயலன்று. ஏதோ ஒரு தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டில் அமரப்போகும் ஒரு குழந்தையை ஏமாற்றும் செயல்.

நாடு முழுவதும் 27 வளாகங்களைக் கொண்டது ஆசிரியர் கல்விக் கழகம். நம் மாநிலத்திற்குச் சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் வளாகம் இருக்கிறது. எங்கள் காலத்தில் 'மக்தாப்' என்று அழைத்த அதே கல்லூரிகள்தாம் இன்று பட்டம் வழங்கும் நிலைக்கு உயர்ந்துள்ளன. எஸ்.பி.எம். முடித்தவர்கள் முன்தயாரிப்பு வகுப்பையும் அதன்பின் நான்காண்டுப் பட்டப்படிப்பையும் அங்கே மேற்கொள்கின்றனர். இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி. ஆகையால்தான் எஸ்.பி.எம். புள்ளிகளோடு நில்லாமல் ஆளுமைச் சோதனையும் நேர்முகத் தேர்வும் வைக்கப்படுகின்றன. அவற்றின் நோக்கம் ஒன்றுதான்: இந்த இளைஞர் இந்தப் பணியை உண்மையிலேயே விரும்புகிறாரா?

இப்படித் தேர்ந்தெடுக்கும் நிலையை நம் சமுதாயம் எளிதில் அடைந்துவிடவில்லை. தோட்ட முதலாளிகள் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்பதைக் கூட்டு மலாய் மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியது. கெடா அக்கூட்டமைப்பில் இல்லை. எனினும் இங்கும் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டியே பள்ளிகள் தோன்றின. அந்நாளில் கிராணியும் கங்காணியும் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியும் ஆசிரியராக நின்றனர். கிடைத்தவரைக் கொண்டு சமாளித்த காலம் அது. இன்று தகுதியும் விருப்பமும் உள்ளவரைத் தேடி எடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. பொய் ஆர்வத்தால் அதைப் பாழாக்கினால் நாம் மீண்டும் 'கிடைத்தவர்' காலத்துக்கே திரும்பிச் செல்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 23 வயதில் பணியில் அமரும் ஓர் ஆசிரியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். இடையில் 37 ஆண்டுகள். ஆண்டுக்குப் பத்தே மாணவர்கள் என்றாலும் 370 பிள்ளைகள் அவர் கையால் எழுதப் படிக்கத் தொடங்குவர். நகரத்துப் பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியர் ஆர்வமற்றிருந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓரளவு ஈடுசெய்வார். தோட்டப் பள்ளியின் நிலை அதுவன்று. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்தி ஒரே ஆசிரியர் கற்பிக்கிறார். அங்கே அவர்தான் மொழி, கணிதம், அறிவியல் எல்லாம். அவருக்கு வேலையில் வெறுப்பு என்றால் அக்குழந்தைக்கு வேறு போக்கிடம் இல்லை.

"அரை நாள் வேலை, நீண்ட விடுமுறை, அரசாங்கச் சம்பளம்" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர்களே, இந்த 370 பேரையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

ஆர்வத்தைக் காட்டுவதே ஒரு தொழிலாகிவிட்ட நாடும் உண்டு. அமெரிக்காவில் சில தனியார் கல்லூரிகள், மாணவர் வளாகத்தைப் பார்க்க வந்தாரா, கடிதம் எழுதினாரா என்பதைக்கூடச் சேர்க்கையின்போது கணக்கில் கொள்கின்றன. விளைவு என்ன? எப்போது செல்வது, எப்படி எழுதுவது என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தரும் ஆலோசகர்கள் பெருகினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அத்தகைய ஆர்வத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்லாந்திலோ தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு எழுத்துத் தேர்வோடு நேர்முகம் போன்ற பொருத்தச் சோதனையும் உண்டு. கல்லூரியின்மேல் காட்டும் ஆர்வம் வேறு. பணியின்மேல் கொண்ட ஆர்வம் வேறு. பின்னதைத்தான் நாம் வளர்க்க வேண்டும்.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியாது. சொல்லிக் கொடுக்காவிட்டால் நகரத்துப் பிள்ளைகளே இடங்களைப் பிடித்துக்கொள்வார்கள்" என்று சிலர் வாதிடலாம். இந்த அச்சம் நியாயமானது; ஆனால் அதற்கு மாதிரி விடை மருந்தாகாது. கூச்சத்தைப் போக்கப் பேச்சுப் பயிற்சி கொடுங்கள். சொல்ல வேண்டிய செய்தி பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து வரட்டும்.

கோலக்கெட்டில் பக்கமிருந்து வந்த ஒரு மாணவி, தன் தம்பிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் மாலையில் வாசிக்கச் சொல்லிக் கொடுப்பவள். "தம்பிக்கு ல, ள, ழ வேறுபாடு பிடிபடவில்லை சார். காலண்டர் அட்டையை வெட்டி எழுத்துகளை எழுதி விளையாட வைத்தேன். 'ழ' மட்டும் இன்னும் வரவில்லை" என்றாள். குரல் நடுங்கியது, தமிழும் அலங்காரத் தமிழன்று. ஆனால் அவள் பேச்சில் ஓர் ஆசிரியை இருந்தாள். அவளுக்கு நான் எந்த விடையும் எழுதிக் கொடுக்கவில்லை, தேவைப்படவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

1. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை மட்டுமன்றித் தமிழ் இலக்கியத்தையும் எடுக்கச் செய்யுங்கள். "புள்ளிகள் குறைந்துவிடும்" என்று இலக்கியத்தைத் தவிர்த்த பிள்ளை, தமிழ்த் தொண்டைப் பற்றிப் பேசினால் யார் நம்புவர்?

2. பிள்ளை பயிலும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையா? குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரவேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. முதலாம் படிவத்திலேயே அந்தப் பதினைந்து பேரில் ஒருவராகக் கையெழுத்திட்டீர்களா? பெற்றோரின் ஆர்வம் அங்கே தெரிய வேண்டும்.

3. விடுமுறையில் பிள்ளையை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள். நூலகத்தை அடுக்கட்டும், வாசிப்பு முகாமில் உதவட்டும். பிடிக்கவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். அதுவும் இலாபமே.

4. ஆசிரிய நண்பர்களே, கலந்துகொள்ளாத போட்டிக்குச் சான்றிதழும் செய்யாத சேவைக்கு நற்சான்றும் எழுதிக் கொடுக்காதீர்கள். அது மாணவனுக்குச் செய்யும் உதவியன்று. இடம் கிடைக்காமல் போன இன்னொரு மாணவனுக்குச் செய்யும் அநீதி.

பிள்ளைக்கு இயந்திரவியலில் விருப்பம் என்றால் பாலிடெக்னிக் இருக்கிறது. கணக்கியலில் விருப்பம் என்றால் ஆறாம் படிவம் இருக்கிறது. ஆசிரியர் பணி, வேறெதுவும் கிடைக்காதவர் ஒதுங்கும் தாவாரமன்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மனப்பாடம் செய்த ஆர்வம் நேர்முகத் தேர்வின் பத்து நிமிடங்களுக்கு உதவக்கூடும். வகுப்பறையின் 37 ஆண்டுகளுக்கு உதவாது.

சிந்திப்போம், பெற்றோர்களே! செயல்படுவோம், ஆசிரியர்களே!