மனையை விடாத முதியோர்மேல் குற்றமில்லை

பிள்ளைகள் வளர்ந்து பிரிந்த பின்னும் முதியோர் பழைய வீடுகளை விட்டு நகர்வதில்லை. அதனாலேயே இளையோர்க்கு வீடு கிட்டவில்லை என்பர் மேலைநாட்டார். அக்கூற்றை இங்கும் சிலர் அப்படியே எடுத்து முழங்குகின்றனர். காவிரிப் படுகையின் வரலாறு அறிந்தார் எவரும் அவ்வாறு கூறத் துணியார்.

தஞ்சை மண்ணில் உழுதவனுக்கு வயல் மட்டுமன்று, படுத்துறங்கிய மனையும் பண்ணையாருடையதாகவே இருந்தது. வேலையினின்று நீக்குவதும் ஊரினின்று துரத்துவதும் ஒன்றே! கூலி நெல் கூட்டிக் கேட்ட குடிகளுள் 44 பேர், 1968 திசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர்.

குடியிருப்பினின்று வெளியேற்றுவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, அவ்வாண்டு சூன் 19 அன்று குடியிருந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அம்மனையையே உரிமையாக்கியது. வழிவழியாகப் பிறர் மண்ணில் படுத்தவன் அன்றுதான் தன் மண்ணில் படுத்தான். 2018 நவம்பரில் கசாப் புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தபோதும், அதே மனையில்தான் மீண்டும் கீற்று வேய்ந்தனர். அவர்களுக்கு அது வெறும் வீடன்று, விடுதலை!

கோயில் மனைகளில் வாழும் முதியோர் நிலை வேறு. கட்டடம் அவர்களுடையது, அடிமனை கோயிலுடையது. அறநிலையத் துறையின் ஒப்புதலின்றிக் கோயில் நிலம் கைமாறாது. கோயில் மண் காக்கப்பட வேண்டியதே. ஆயின், வீட்டை விட்டகலும் முதியவர் விற்பதற்கு அங்கே மண் இல்லை. அவர் எதை நம்பி நகர்வார்?

அவ்வாறாயின் தட்டுப்பாட்டின் வேர் எது? மனை ஒருமுறை வழங்கப்பட்டது, குடும்பங்களோ பெருகின. தந்தை பெற்ற சிறு மனையில் மகனும் பேரனும் தாழ்வாரம் இறக்கி ஒண்டுகின்றனர். 2024இல் தமிழக அரசு தொடங்கிய வீட்டுத் திட்டம் ஒரு வீட்டிற்கு 3.5 இலக்கம் உருபா தருகின்றது. மனையே இல்லாதவன் அதைக்கொண்டு எங்கே கட்டுவான்?

இன்னொரு வேரும் உண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகள் போய்விட, ஊர்த்தெருவில் ஓட்டுவீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கூப்பிடு தொலைவிலுள்ள சேரியில் ஒரு கூரைக்கடியில் மூன்று அடுப்புகள் எரிகின்றன. ஆயினும் அவ்வீடுகள் சேரித் தமிழனுக்கு விலைக்குமில்லை, குடிக்கூலிக்குமில்லை. இடையே நிற்பது சாதி! தமிழனுக்குத் தமிழன் கதவடைக்கும் ஊரில் இன ஒற்றுமை பேசுவது வெற்றுரையே.

ஊர்தோறும் மனையற்ற இளங்குடும்பங்களைக் கணக்கெடுத்து, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கத்தை அடுத்த தலைமுறைக்கும் நீட்டுக! நெல் விளையும் நஞ்செயைத் தூர்த்து மனைப்பிரிவு போடற்க. ஊரையொட்டிய மேட்டு நிலத்தை அரசே வாங்கி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டயம் வழங்குக! ஊர், சேரி எனப் பிரிக்காது ஒரே தெருவாக அமைக்குக!

முதியோரை நகரச் சொல்லாதீர்; இளையோர்க்கு மண் தாரீர்!