வரத்துக்கு மதிப்பெண் தேவையா?

நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, எங்கள் தேவாலய இளையர் முகாமில் ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்தால், கடவுள் நமக்குத் தந்த ஆவிக்குரிய வரம் எதுவென்று தெரிந்துவிடுமாம். அன்றிரவு ஜெபக் கூட்டத்தில் பலர் அந்நிய பாஷையில் பேசினார்கள். பேச வராத என் தோழி, தனக்கு விசுவாசம் போதவில்லை என்று அழுதாள். சில மாதங்களில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

வரங்களைப் பற்றி இளையருக்குக் கற்றுத் தருவது நல்லதுதான். ஆனால், அதைத் தேர்வு போல நடத்துவது சரியா?

கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 12, 13, 14ஆம் அதிகாரங்களைச் சேர்த்துப் படித்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. 12ஆம் அதிகாரத்தில் சபையை அவர் ஓர் உடலுக்கு ஒப்பிடுகிறார். கண்ணும் காலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எல்லாரும் அந்நிய பாஷை பேசுவதில்லை என்பதையும் அங்கேயே உணர்த்துகிறார். அற்புதம் செய்தல், குணமாக்குதல் ஆகியவை உள்ள அதே பட்டியலில், பிறருக்கு உதவுவதும் நிர்வாகம் செய்வதும் இருக்கின்றன. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் கற்பித்தல், கொடுத்தல், இரக்கம் காட்டுதல் ஆகியவையும் சேர்கின்றன. மேடையில் தெரியும் வரங்களை மட்டுமே பெரிதாகப் பேசும்போது இவற்றை மறந்துவிடுகிறோம்.

13ஆம் அதிகாரம் முழுவதும் அன்பைப் பற்றியது. 14ஆம் அதிகாரம், ஒரு வரம் சபையாருக்குப் பயன்படுகிறதா என்று கேட்கிறது. தீர்க்கதரிசனம் சொல்பவர் பேசினால், மற்றவர்கள் அதைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. “நீ இந்தத் துறையில்தான் படிக்க வேண்டும் என்று கர்த்தர் சொல்கிறார்” என்று யாராவது கூறும்போது, பதில் கேள்வி கேட்பது அவிசுவாசம் ஆகாது. ஆராய்ந்து பார்ப்பதும் வேதம் சொல்லும் கடமைதான்.

என் வினாத்தாளில் உதவிக்குக் குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. பிறகு ஒருநாள், ஆங்கிலத்தில் நடந்த ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்குப் பிரசங்கம் புரியவில்லை. எனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னேன். அடுத்த வாரமும் அவர் என்னைத் தேடி வந்து உட்கார்ந்தார். எந்தத் தாளும் காட்டாததை அந்தப் பாட்டி காட்டினார்.

வினாத்தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேச்சைத் தொடங்க அது உதவும். அதோடு நிறுத்திவிடாமல், இளையரிடம் சிறு பொறுப்புகளைக் கொடுங்கள்: சிறுவர் வகுப்பு, நோயாளிகளைச் சந்திப்பது, கணக்கு எழுதுவது. தவறு செய்தால் திருத்துங்கள். நன்றாகச் செய்தால், பார்த்ததை அவர்களிடமே சொல்லுங்கள்.

கூட்டத்துக்குப் புதிதாக வருபவர் யாரும் தனியாக உட்கார்ந்திருக்க என் தோழி விட்டதே இல்லை. முதலில் எழுந்துபோய்ப் பேசுபவள் அவள்தான். அதுவும் ஒரு வரம். அவள் அழுத அந்த இரவில், அதை அவளிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.