பொம்மை வாத்தியார்

சரஸ்வதி பூஜை வந்தால் நம் நாட்டில் என்ன நடக்கிறது? பிள்ளைகளின் புத்தகங்களையெல்லாம் வாங்கி அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு படத்தின் முன் பரப்பி, "இன்று படிக்கக்கூடாது" என்று சொல்லுகிறார்கள். கல்விக்கென்றே ஏற்பட்ட தெய்வத்தின் திருநாளில் கல்விக்கு விடுமுறை! இப்படிப் புத்தகத்தை மூடச்சொல்லும் பொம்மைக்குப் பழகிப்போன நாட்டில், புத்தகத்தைத் திறந்து வாசிக்கச்சொல்லும் பொம்மை ஒன்று வந்ததென்றால், அதைப்பற்றி நாலு வார்த்தை எழுதுவது நமது கடமையாகும்.

2019ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கூகிள் கம்பெனியார், பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கும் 'போலோ' என்ற கைப்பேசிச் செயலியை இந்தியாவில் வெளியிட்டார்கள். பிறகு அதில் தமிழும் சேர்ந்தது. 2020ல் அதன் பெயர் 'ரீட் அலாங்' என்று மாறிற்று. அதிலே தியா என்று ஒரு சித்திரப் பெண். பிள்ளை உரக்க வாசித்தால் அவள் கேட்பாள். சரியாக வாசித்தால் பாராட்டுவாள். தடுமாறிய சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டுவாள். 2022 ஜூன் 1 முதல் 12 வரை தமிழ்நாட்டு 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் இந்தச் செயலியைக் கொண்டே வாசிப்பு மாரத்தான் நடத்தப்பட்டது. இதில் தெய்வ சக்தி ஒன்றுமில்லை. பிள்ளையின் குரலை யந்திரம் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, மனிதர் வகுத்துவைத்த கணக்கின்படி பதில் சொல்லுகிறது, அவ்வளவே.

இதனால் யாருக்கு லாபம்? நம் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பகலெல்லாம் பீடி சுற்றுகிற தாயும், பிசானத்துக்கு நாற்று நடுகிற தாயும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் சொல்லிக்கொடுக்க எழுத்தறிந்தவர் பக்கத்தில் இருப்பது அரிது. அந்தப் பிள்ளை ஒரே சொல்லைப் பத்துத் தடவை கேட்டாலும் பொம்மை சலித்துக்கொள்வதில்லை, தலையில் குட்டுவதில்லை, "உனக்கெல்லாம் படிப்பெதற்கு, மாடு மேய்க்கப் போ" என்பதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, "நீ எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை.

இதை அற்ப விஷயமென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம் ஊருக்குக் கிழக்கே, இதே தாமிரபரணிக் கரையிலிருக்கும் சேரன்மாதேவி குருகுலத்தில், பொதுப்பணத்தை வாங்கிக்கொண்டு, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் அல்லவா 1924-25ல் தமிழ்நாடே கொந்தளித்தது? புராணக்காரர்களைத்தான் கேட்போம். ஏகலைவன் வைத்துக்கொண்ட மண்பொம்மைத் துரோணர் அவனை எதுவும் கேட்கவில்லை. உயிருள்ள துரோணரே கட்டைவிரலைக் கேட்டார். அந்தக் கதையில் யோக்கியர் யார்? குருவா, பொம்மையா?

ஆனால் ஏகலைவன் கற்றது பொம்மையின் மகிமையாலா? அல்ல, தன் இடைவிடாத பழக்கத்தால். இன்றைய ஆராய்ச்சியும் இதையே சொல்லுகிறது. 1997ல் அமெரிக்காவின் வட கரோலினா மாகாணப் பல்கலைக்கழகத்தார், செடிகளைப்பற்றிக் கற்பிக்க 'ஹெர்மன்' என்ற பூச்சிப் பொம்மையை வைத்துச் சோதித்தார்கள். பொம்மை கூடவிருந்தால் பிள்ளைகள் பாடத்தை நல்லவிதமாக எண்ணுகிறார்கள் என்று கண்டார்கள். பிற்பாடு ரிச்சர்டு மேயர் போன்றோர் செய்த சோதனைகளிலோ, திரையில் உருவம் நிற்பதனால் மாத்திரம் அறிவு வளர்ந்துவிடுவதில்லை என்று தெரிந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் செய்த 'பெட்டி' என்னும் பொம்மைக்குப் பிள்ளையே வாத்தியார்! அதற்குச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பிள்ளை தான் முதலில் தெளிவாகக் கற்கவேண்டியதாகிறது. இப்படிப் பிள்ளையை யோசிக்கச்செய்யும் பொம்மையே நமக்கு வேண்டும். கைதட்டி நட்சத்திரம் கொடுத்து மயக்குவது மட்டும் கல்வியாகிவிடாது.

நிற்க, பொம்மையால் ஆகாத காரியம் ஒன்றுண்டு. 2023 ஆகஸ்டில் நம் ஜில்லாவின் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவரையும், தடுக்கவந்த அவர் தங்கையையும், கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அவர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமலா போயிற்று? பக்கத்தில் உட்காருகிறவனும் மனிதன் என்கிற பாடமல்லவா தெரியாமல் போயிற்று! அந்தப் பாடத்தை, தனியே ஒரு திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் பொம்மையும் கற்பிக்க முடியாது. ஒரே பெஞ்சியில் கலந்து உட்காரவைத்து, ஜாதி பாராத வாத்தியாரே கற்பிக்கவேண்டும்.

ஆகையால், "பொம்மை வந்துவிட்டது, வாத்தியார் எதற்கு?" என்று எந்தச் சர்க்கார் சொன்னாலும் பொதுஜனங்கள் சம்மதிக்கக்கூடாது. பிள்ளையின் குரல் எங்கே போகிறது, யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்களையும் கேட்டே தீரவேண்டும். பொம்மையைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், கும்பிடாதீர்கள். வாத்தியார்மார்களுக்கு நாம் சொல்லுவதும் ஒன்றுண்டு. உயிரில்லாத பொம்மை காட்டும் பொறுமையையும் பட்சபாதமின்மையையும் உயிருள்ள நீங்கள் காட்டுவீர்களானால், உங்கள் இடத்தை எந்த யந்திரத்தாலும் பறிக்கமுடியாது.